ஏனுங் அம்மணி

காங்கேயம்,
3-8-1997

அன்புத் தோழி லாஸ்யாவுக்கு,

பிரியா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் தொண்டைக் கட்டு சரியாகிவிட்டதா? சென்னைத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாய். காய்ச்சிக் குடி.

உன் மூன்று கேசட்டுகளிலும் உள்ள பாட்டுகளைச் சேர்த்து கம்பெனிக்காரர்கள் சி.டி. போடப்போவதாகவும், நீயே டேப்ரிக்கார்டரில் பதிவு செய்த முதல் கேசட் உன்னிடம் பூஞ்சை பிடித்து வீணாகிவிட்டதால் என்னுடையதைக் கூரியரில் அனுப்பும்படியும் கேட்டிருந்தாய். என்னுடையது நன்றாக இருக்கிறது. நான் அனுப்பவில்லை. போனில் பேசினால் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று சொல்லிவிடுவேன், உனக்கே தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோயமுத்தூரில் உன் கேசட் விற்கிறதா என்று கேட்டாய். போன மாதம் கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடையில் உன் இரண்டாவது கேசட்டைக் கேட்டேன். "எந்தப் படமுங்க?" என்றார் கடைக்காரர். படம் இல்லீங்க, தனிப்பாட்டு, அவங்களே எழுதி அவங்களே பாடுனது என்றேன். "அப்ப பக்திப் பாட்டுன்னு சொல்லுங்க" என்று அம்மன் பாட்டு அடுக்கில் தேடினார். உண்மையாகவே நீ அங்கேதான் இருந்தாய், கிடார் பிடித்த படத்தோடு, இரண்டு மாரியம்மனுக்கு நடுவே! சிரிப்பு வந்தது. வெளியே வந்த பிறகு எரிச்சல்தான் மிஞ்சியது. படம் இல்லை என்றால் சாமி. இரண்டும் இல்லாத பாட்டை வைக்க நம் ஊரில் ஒரு அடுக்குக்கூட இல்லை.

மூன்றாவது கேசட்டைத் தேடவே வேண்டியதில்லை. 'ஏனுங் அம்மணி' வாசலிலேயே தொங்குகிறது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அந்தப் பாட்டு எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? காலேஜ் கடைசி வருட லீவில் நீ இங்கே தங்கியிருந்தபோது உன் அப்பா உன்னைப் பார்க்க வந்தார். காரிலிருந்து இறங்கியதும் "அம்மாயி" என்று உன்னைக் கூப்பிட்டார். களத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பெத்த புள்ளையப் போயி அம்மாயிங்கறாரே, அது அம்மாவப் பெத்தவளயில்ல கூப்புடுறது" என்றாள். தெலுங்கில் பெண்பிள்ளையை அப்படித்தான் சொல்வோம் என்று நீ விளக்கினாய். அப்புறம் நாள் முழுக்க அம்மா என்னை எப்படிக் கூப்பிடுகிறாள் என்று காது கொடுத்துக் கேட்டாய். அம்மணி, கரண்டு வந்திருச்சு, மோட்டரப் போடு. அம்மணி, பஸ் வருது, ஓடு. அம்மணி, படிச்சது போதும், கண்ணு வலிக்கும். சாயங்காலத்துக்குள் அதைப் பாட்டாக்கி டேப்ரிக்கார்டரில் பாடினாய். உன் முதல் கேசட்டில் எண்ணெய் மில் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும் பாட்டு அது. என்னைப் பற்றி யாராவது பாட்டு எழுதுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

இப்போது அதை ஒரு ஆண் பாடுகிறான். நீ பின்னால் ஹம்மிங் மட்டும் செய்கிறாய். உன் வரிகளை அவர்கள் மாற்றவில்லை, முன்னால் ஒரு 'ஏனுங்' மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். கொங்கு வாசனைக்காக என்று கம்பெனிக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். பெற்ற மகளை எந்த அம்மாவாவது ஏனுங் என்று கூப்பிடுவாளா லாஸ்யா? அது முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிடுவது. அதை ஒட்டியதும் அம்மா காணாமல் போய், பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஒருவன் வந்துவிட்டான். 'பஸ் வருது, ஓடு' என்ற இடத்தில் விசில் வேறு. உங்கள் கம்பெனியில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். உனக்குத் தெரியாதா?

சித்திரையில் அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் கூட்டம். அம்மா முன்னால் ஏறி இடம் பிடித்துவிட்டு, "அம்மணி, இங்க வா, எடமிருக்குது" என்று எப்போதும்போல் சத்தமாகக் கூப்பிட்டாள். பின் சீட்டில் இருந்த பையன்கள் உடனே "ஏனுங் அம்மணி" என்று பாட ஆரம்பித்தார்கள். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் "ஆத்தா, கேசட்டு போட்டிருக்குதுங்க, நீங்க பாட வேண்டாமுங்" என்றார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு டேப்பில் அந்தப் பாட்டே வந்தது. விசில் வந்த இடத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. பல்லடம் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பையன்களை நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து அம்மா என்னைச் "சம்முகப்பிரியா" என்றுதான் கூப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சொன்ன பெயர். வீட்டில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சனிக்கிழமை வேலை முடிந்து கோயமுத்தூர் ஹாஸ்டலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அந்தப் பெயரைக் கேட்டால், யார் வீட்டுக்கோ வந்துவிட்டதுபோல் இருக்கிறது. பழையபடி கூப்பிடும்மா என்றேன். "வேண்டாஞ் சாமி, நாலு பேரு சிரிக்கறதுக்கா" என்று முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அது உன் பாட்டு என்று அம்மாவுக்குத் தெரியாது. நீ அன்று பாடியதை அவள் கேட்டதில்லை, இதில் ஆண் குரல்தானே. "எந்தக் கழுதை பாடுனானோ, அவன் வாயில மண்ணு" என்று திட்டுகிறாள். அதே மூச்சில் "லாஸ்யா பாட்டு புதுசா ஏதாச்சும் வந்துச்சா, ரேடியோவுல போடுவாங்களா" என்று என்னிடம் கேட்கிறாள். நான் இன்னும் வரவில்லை என்கிறேன். எத்தனை தடவை அப்படிச் சொல்வது?

சி.டி.யில் அந்தப் பாட்டு இரண்டு விதமாகவும் இருக்கும், பழையது கடைசியில் வரும் என்று எழுதியிருக்கிறாய். யார் கடைசிவரை கேட்பார்கள்? பழையதை மட்டும் போடச் சொல். கம்பெனி கேட்காது என்பாய். உன் பெயரை அட்டையில் பெரிதாகப் போடுகிறவர்கள் உன் பேச்சையும் கேட்கட்டும். அது முடியாவிட்டாலும், கேசட்டுக்காக நீயே ஒருமுறை இங்கே வா. கிடாரையும் கொண்டு வா. களத்தில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நீ முதலில் பாடியபடியே பாடு. இது உங்க பாட்டுங்க என்று நீ சொல். நான் சொன்னால் உன்னைக் காட்டிக்கொடுத்தது போலாகும். அம்மா திட்டுவாள், கேட்டுக்கொள். பிறகு கேசட்டை எடுத்துக்கொண்டு போ, நான் தடுக்கமாட்டேன்.

கோபமாக எழுதிவிட்டேன். கிழித்துவிட்டு மறுபடி எழுதலாமா என்று பார்த்தேன். மறுபடி எழுதினால் "சரி" என்றுதான் எழுதுவேன் என்பதால் இதையே அனுப்புகிறேன்.

உனக்குத்தான் எழுதுகிறேன் என்று தெரிந்து, களத்திலிருந்தே அம்மா சேதி சொன்னாள். முன்பெல்லாம் உன்னையும் என்னையும் சேர்த்து ஒரே பெயரால்தான் கூப்பிடுவாள். இன்று அந்தப் பெயர் நாக்கு வரை வந்தது, நான் பார்த்தேன். விழுங்கிவிட்டு, "அந்தப் புள்ளைய நல்லா இருக்கோணும்னு சொன்னேன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
சண்முகப்பிரியா