முதுகு காட்டி நின்ற டீச்சருக்கு

அடியே டீச்சர்,

உன் ரப்பர் கொட்டை டின் இப்போது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் வீடு முழுக்கக் காறல் எண்ணெய் வாடை. என் மகன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள் என்ன செத்துக் கிடக்கிறது என்று கேட்டான். உட்கார்ந்து எண்ணினேன். நூற்று நாற்பத்தாறு. நம் பள்ளி இருக்கிற லுக்குட் பக்கம் எந்தத் தோட்டத்தில் இன்னும் ரப்பர் மரம் நிற்கிறது? கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்பனைத் தோட்டம்தான். எங்கே போய், எந்த வேலியோரம் குனிந்து இதையெல்லாம் பொறுக்கினாய்? எண்ணிப் பழகுவதற்கென்று கலர் கலராகப் பிளாஸ்டிக் வில்லைகள் ஒரு பெட்டி நிறையப் பள்ளிக்கு வந்தது. அது பிரிக்கப்படாமல் உன் அலமாரியின் அடியில் கிடக்கிறது.

அந்த அலமாரியைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். சாவி எங்கே என்று நீ யாரிடமும் சொல்லவில்லை. பள்ளி விடுமுறையில், சொல்லாமல் கொள்ளாமல், தூக்கத்திலேயே நெஞ்சு நின்று போய்விட்டாய். மூன்று மாதம் கழித்து, போன திங்கட்கிழமைதான் உன் தங்கை சாவியைக் கண்டெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கதவைத் திறந்தேன். டிஷ்யூ சுருளின் அட்டைக் குழாய்கள் என் காலில் வந்து கொட்டின. அப்புறம் இந்த டின், ஐஸ்கிரீம் குச்சிகள், முட்டை அட்டைகள், பால் டின் மூடிகள், பொத்தான் கண் வைத்துத் தைத்த ஒற்றைக் காலுறை, கிறிஸ்மஸ் நாடகத்துக்குச் செய்த கழுதை முகமூடி. கழுதைக்கு ஒரு காதுதான் இருந்தது. இன்னொரு காது மேல்தட்டில், ஓர் உறைக்குள், ‘காது’ என்று எழுதிப் பத்திரமாக இருந்தது. ஒட்டுவதற்கு மட்டும் இருபத்திரண்டு வருஷம் போதவில்லை உனக்கு.

உனக்குப் பதில் ஆள் இன்னும் வரவில்லை. என் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளோடு உன் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் பதினொரு பேரும் இப்போது என் தலையில்தான், எல்லாரையும் உன் அறையிலேயே உட்கார வைத்திருக்கிறேன். அதுகள் எதையும் என் இஷ்டத்துக்குச் செய்ய விடுவதில்லை. மழை பெய்தால் சுவரில் உள்ள வானிலை அட்டையில் குடைப் படத்தை மாட்ட வேண்டுமாம். தூறல் என்றால் அரைக் குடையாம். அரைக் குடை எங்கே என்று நான் ஒரு காலை முழுக்கத் தேடினேன்.

ஜெபத்தைக் கேள். நெற்றியில் விபூதியோடு நான் சிலுவைக்குக் கீழே நின்று கண்ணை மூடிக்கொள்கிறேன். மிஷன் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோதே அதற்குப் பழகிவிட்டேன், அது பெரிதில்லை. ஆனால் என் வகுப்பில் ஜெபம் ஒரு நிமிஷம். உன் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு பொருளுக்கு நன்றி சொல்லியாக வேண்டும். பென்சிலுக்கு நன்றி, கண்டீன் ஆன்ட்டிக்கு நன்றி. ஒருத்தி ஆடுகிற பல்லுக்கு நன்றி சொன்னாள். மறுநாள் அது விழுந்ததற்கும் சொன்னாள். லோஷினியின் முறை வந்தால் எல்லாரும் சும்மா காத்திருப்பார்கள். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். கொஞ்ச நேரம் போனதும் எல்லாரும் சேர்ந்து ஆமென் என்பார்கள். நேரமாகிறதே என்று ஒருநாள் நான் அவளைத் தாண்டிப் போனேன். பத்துப் பேரும் கண்ணைத் திறக்க மறுத்துவிட்டார்கள்.

இந்த லோஷினியால்தான் உனக்கு எழுதுகிறேன். பள்ளிக்கு வந்த முதல் நாளிலிருந்து அந்தப் பிள்ளை யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது உனக்குத் தெரியும். உன் குறிப்பேட்டில் அவள் பெயருக்கு நேரே, ‘வாசிப்பு: ஐந்தாம் நிலை. சரளமாக வாசிக்கிறாள்’ என்று உன் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கிறது. எனக்கு வந்ததே கோபம். வாயையே திறக்காத பிள்ளை எப்படியடி சரளமாக வாசிக்கும்? ஆறு நிலையில் ஐந்து! என் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிலேயே நாலு பேருக்குத்தான் நான் ஐந்து போட்டிருக்கிறேன்.

ஒரு தப்பு நானும் செய்தேன். அவள் பென்சில் பெட்டியில் ரப்பர் கொட்டைகள் ஐந்து கிடந்தன. குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டேன். அன்றைக்குப் பதினோரு மணிக்கு அவள் நாற்காலிக்கு அடியில் ஈரம். உடனே பத்து வாயும் ஒன்றாகத் திறந்தன. மேசை ஓரத்தில் ஒரு கொட்டை வைத்தால் கழிப்பறை, இரண்டு வைத்தால் தண்ணீர், மூன்று வைத்தால் வயிற்று வலி. இத்தனை நாளும் அதைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளைதான் அவளை அழைத்துப் போயிருக்கிறது. ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. உன் பக்கத்து வகுப்பில் இருபத்திரண்டு வருஷம் இருந்த எனக்குத் தெரியவில்லை. நானே அவளைக் கழுவி, உன் அலமாரியிலிருந்த நாடகப் பாவாடை ஒன்றைக் கட்டிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவள் அம்மா வந்தாள். செண்டாயானில் தொழிற்சாலை வேலை, இரவு ஷிப்ட் முடிந்து தூங்காமல் நேரே வந்திருக்கிறாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை. “வீட்ல வாய் ஓயாது டீச்சர். இங்க வந்தாதான் என்னமோ ஆயிடுது” என்றாள். அதைத் தலைமையாசிரியரும் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா போன பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். சிரம்பானில் சிறப்புக் கல்வி வகுப்பு இருக்கிற பள்ளிக்கு மாற்றுவதற்குப் பரிந்துரை. வாசிக்கத் தெரியுமா என்ற இடத்தில் வகுப்பாசிரியர் எழுதிக் கையெழுத்திட வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். நான் உன் குறிப்பேட்டைக் காட்டினேன். அவர், பாவம், உன்னைக் குறை சொல்லத் தயங்கித் தயங்கி, “இரக்கப்பட்டுப் போட்டிருப்பாங்க டீச்சர்” என்றார்.

எனக்கும் அதுதான் தோன்றியது. சூரியனுக்குப் பச்சை அடித்த பிள்ளைக்கும் நட்சத்திரம் ஒட்டுகிறவள்தானே நீ. ஆனால் வாசிக்கத் தெரியாது என்று நான் எழுதினால் அந்த அம்மா ஷிப்ட் வேலையை விட்டுவிட்டுத் தினமும் சிரம்பானுக்கு அலைய வேண்டும். வாசிக்கத் தெரிந்த பிள்ளை என்றால் அது அநியாயம். தெரியும் என்று எழுதினால் நான் பொய் சொன்னவளாவேன். வாசிக்கத் தெரியாத பிள்ளை என்றால் அதற்குக் கிடைக்க வேண்டியதையும் நானே தடுத்தவளாவேன். நீ பேசாமல் போய்ச் சேர்ந்துவிட்டாய். கையெழுத்துப் போட நான்.

நீ சொல்லிக்கொடுப்பதை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? எப்போது எட்டிப் பார்த்தாலும் உன் முதுகுதான் தெரியும். எல்லா வகுப்புக்கும் வெள்ளைப் பலகை வந்தபோது நீ மட்டும் வேண்டாம் என்றாய். சுண்ணாம்புக் கட்டியை வைத்துக்கொண்டு தேதியை எழுதுவாய், அழிப்பாய், மறுபடி அதையே எழுதுவாய். உன் பாவாடையில் ஒட்டிய தூள் முழுக்க என் கார் இருக்கையில். ஒரு தடவை மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தவர், ஆசிரியர் மாணவரை நோக்கி நின்று கற்பிக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் ரஹாங்கில் உன் வீடு வரும் வரைக்கும் காரில் நான் உன்னை வைதுகொண்டே வந்தேன். முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் என்ன செய்கின்றன என்று தெரியுமா உனக்கு என்று கேட்டேன். “என் மூஞ்சில என்னா எழுதியிருக்கு, அதுங்க பார்த்துப் படிக்க?” என்றாய். சிரிப்பு வேறு. ஒருநாள் என் வகுப்புக்கு வந்து கடைசியில் உட்கார் என்றும் சொன்னாய். எனக்கு வேறு வேலை இல்லையா என்றேன்.

வியாழக்கிழமை வந்துவிட்டது. லோஷினியை முன்னால் கூப்பிட்டேன். நீ கையால் எழுதிப் படம் வரைந்த ஆமைப் புத்தகத்தைக் கொடுத்தேன். அது ஆமை என்று நீ எழுதியிருப்பதால்தான் தெரிகிறது, பார்த்தால் வடை. வாசிம்மா என்றேன். வாசிக்கவில்லை. மெதுவாகச் சொன்னேன், கெஞ்சினேன். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டச் சொன்னேன். கடைசியில் என் பொறுமை போயிற்று. வாயைத் திற என்று கத்திவிட்டேன். அவள் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். சொட்டுச் சொட்டாக ஆமையின் மேல் கண்ணீர் விழுந்தது.

புத்தகத்தோடு போய் உட்காரச் சொன்னேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் பார்க்கக் கூடாதே என்று கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். கையில் ஒன்றும் இல்லாமல் நின்றால் நன்றாக இருக்காதென்று சுண்ணாம்புக் கட்டியை எடுத்து ‘வியாழக்கிழமை’ என்று எழுதினேன். பின்னால் நாற்காலிகள் லேசாக இழுபட்டன. பிறகு வகுப்பே அடங்கிப்போனது. அப்புறம் ஒரு குரல் கேட்டது.

“ஆமை பள்ளிக்கு வந்தது. மணி அடித்துவிட்டது.”

கட்டைக் குரல். லாரி ஓட்டுகிற லோஷினி அப்பாவிடமிருந்து வந்த குரலாக இருக்க வேண்டும். அந்தக் குச்சி உடம்புக்குள் அத்தனை பெரிய சத்தம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அவள்தானா என்று பார்க்கத் திரும்பப் போனேன்.

“டீச்சர், திரும்பாதீங்க.”

பல் விழுந்தவள்தான், மெல்லச் சொன்னாள். நான் அப்படியே நின்றேன். கட்டைக் குரல் நின்றுவிட்டது. ‘வியாழக்கிழமை’யை அழித்தேன். மறுபடியும் எழுதினேன், எத்தனை மெதுவாக முடியுமோ அத்தனை மெதுவாக. ‘வி’யின் சுழியை முடித்துவிட்டு, ‘யா’வுக்குப் போகும்போது குரல் மீண்டும் வந்தது. “எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். ஆமை அழவில்லை. ஆமை நடந்தது.” ஒற்று மெய்கூட விழுங்காமல், கமாவில் நின்று, முற்றுப்புள்ளியில் மூச்சு விட்டு, எட்டுப் பக்கமும் வாசித்து முடித்தாள். அதற்குள் வியாழக்கிழமையை நான் ஐந்து தடவை எழுதியிருந்தேன்.

முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து ஆமென் என்றார்கள். திரும்பிப் பார்த்தால் பத்துப் பிள்ளைகளும் மேசை மேல் தலையைக் கவிழ்த்துக் கண்ணை மூடியிருக்கிறார்கள். என் இரண்டாம் ஆண்டுக் கழுதைகளும் அதைப் பார்த்து அப்படியே செய்திருக்கின்றன. லோஷினி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, மேசை ஓரத்தில் இரண்டு கொட்டைகளை வைத்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வா என்று அனுப்பினேன்.

அவளுக்கு அந்தக் கொட்டைகளைத் திங்கட்கிழமையே உன் டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். நீ ஐந்து வைத்திருந்தாய், நான் ஆறு கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை படிவத்தைக் கொண்டுபோனேன். ‘சரளமாக வாசிக்கிறாள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் வாசித்ததை என் கண்ணால் பார்த்தேனா என்று கேட்டார். “பார்க்கலே சார். கேட்டேன்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் வகுப்புக்கு வாருங்கள், ஆனால் பலகையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், படிவம் அதுவரை மேசை இழுப்பறைக்குள்ளேயே இருக்கும்.

எனக்கு உன்மேல் கோபம் தீரவே இல்லை. இருபத்திரண்டு வருஷம் போகவர என் காரில்தான் உட்கார்ந்திருந்தாய். மீன் விலை சொன்னாய், உன் தங்கையின் முட்டிவலியைச் சொன்னாய், கழுதைக்குக் காது ஒட்ட வேண்டும் என்று வருஷா வருஷம் சொன்னாய். இதை மட்டும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயோ என்னவோ. கடைசியில் வந்து உட்கார் என்றாயே, ஒருநாள் வந்திருக்கலாம்.

இன்று காலை ரஹாங் கடைக்குப் போகிற வழியில் கார் தானாக உன் வீட்டு வாசலில் நின்றுவிட்டது. தினமும் ஏழு நிமிஷம் என்னைக் காக்க வைத்த அதே இடம். சாயங்காலம் இறங்கினால் கேட்டைத் திறந்துகொண்டு போவாய், ஒருதரமாவது திரும்பிப் பார்ப்பாயா? முதுகுக்குப் பின்னால் கையை மட்டும் ஆட்டுவாய். இதென்ன மரியாதை என்று எத்தனை நாள் வைதிருக்கிறேன். கடைசி நாளும் அப்படித்தான் போனாய்.

உன்னை மெச்சி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உன் முகத்தைப் பார்த்தாலே எனக்குச் சண்டைதான் வரும், வேறொன்றும் வாயில் வராது. டின்னை வெயிலில் காயவைத்துத் திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுபோகிறேன். ஒரு கொட்டையை மட்டும் என் கைப்பையில் போட்டுக்கொண்டேன், அது யாருக்கும் கிடையாது. இப்போது நீ எனக்கும் ஒரேயடியாக முதுகைக் காட்டிவிட்டாய். சரி, அப்படியே பலகையைப் பார்த்து நில். தேதியை மெதுவாக எழுது. நான் வாசிக்கிறேன்: உன்னைப் போல ஒரு டீச்சரை நான் பார்த்ததில்லை. பக்கத்து இருக்கையில் சுண்ணாம்புத் தூளை நான் இன்னும் துடைக்கவில்லை. நீ இல்லாமல் எனக்குக் காலையில் காரை எடுக்கவே பிடிக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. திரும்பாதே.