வாசலுக்கு வராத காரணம்

வுப்பர்டால், ஜெர்மனி
10.3.1974

சிரஞ்சீவி ரகுநாதனுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நான் வேளைக்குச் சாப்பிட்டு எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், அங்கே நீயும் அப்படியே இருக்க முருகன் துணை. உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நாலு பக்கம், என் படிப்புக்கு அது ஒரு நாள் வேலை. அமெரிக்காவில் அந்த நெப்ராஸ்காவில் அறுத்த சோளத்தாளையும் ஆகாசத்தையும் தவிர ஒன்றும் இல்லை என்று அலுத்துக்கொள்கிறாய், அறுப்பு மெஷின் கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போனவனுக்கு வேறு என்ன காட்டுவார்கள், கடற்கரையா? கீழ்வீட்டு ஹில்டே அம்மாள் டெலிவிஷனைப் பார்த்துவிட்டு அங்கே எல்லோரும் துப்பாக்கியோடு குதிரையில் போவார்கள் என்று சொல்லியிருந்தாள். ஒரு குதிரையும் இல்லையாம், எல்லோருக்கும் காராம், என் பிள்ளை கடைக்கு நடந்து போனதற்குப் போலீஸ்காரன் வண்டியை நிறுத்தி என்னப்பா வழி தவறிவிட்டாயா என்று கேட்டானாம் என்றேன், அவளுக்கு ரொம்ப ஏமாற்றம். நீ நடக்கும்போது கையில் ஒரு பை வைத்துக்கொள். பை இருந்தால் எந்த ஊரிலும் வேலையாகப் போகிறான் என்று விட்டுவிடுவார்கள், நான் இங்கே வந்த புதிதில் காலிப் பையோடுதான் ஊர் சுற்றினேன்.

எப்படி இருக்கிறாய் என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நகர வேண்டும், பேச்சு அவ்வளவுதான் போல. நீயோ கடைக்காரி கேட்டுவிட்டாள் என்று அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தது, போனது, எரித்தது எல்லாவற்றையும் பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க நிற்கச் சொல்லியிருக்கிறாய். சாயந்திரம் அவள் கண்ணாடிப் பாத்திரத்தில் மாட்டுக்கறி போட்டு வேகவைத்து எடுத்து வந்தாளாம். நீ தொடவில்லை, சரி. ஆனால் அதைக் கேலி செய்து எழுதினாயே, அது நன்றாயில்லை. துக்கக்காரனுக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும் என்று அவளுக்கு நம் ஊரிலிருந்து யாரும் போய்ச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பாதே, இரண்டு ஆப்பிளாவது போட்டுக் கொடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கூப்பிட்டால் போ, அங்கே சாப்பாடும் உண்டு என்கிறாய், முருகனுக்கு அந்தக் கவலை மிச்சம்.

இனி உன் கடைசிப் பக்கம். நீ கிளம்பினபோது நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, அப்பாவை எரித்த ஆறாம் நாளே கிளம்பினதில் எனக்குக் கோபமாம், அதனால் பயிற்சியை விட்டுவிட்டு ஈஸ்டருக்குள் வந்துவிடுகிறாயாம். அட அசடே, சாவு வீட்டிலிருந்து போகிறவன் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது, இருக்கிறவளும் வா என்று சொல்லக் கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு அழைத்த மாதிரி. ஆறு வயசில் இங்கே வந்தவன் நீ, உனக்கு இது எங்கே தெரியும். நீ பெட்டியோடு வாசலில் நின்று அம்மா அம்மா என்று கூப்பிட்டாய், நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன், வெளியே வந்தால் சொல்லிவிடுவேன் என்று. ஹில்டே அம்மாளும் அவள் ஜனங்களும் காரியம் முடிந்து கிளம்பும்போது ஆளுக்கு ஆள் கை கொடுத்து மறுபடி பார்ப்போம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, மறுநாள் கேக்கோடு வந்து நின்றார்கள். ஜெர்மன்காரர்களுக்கு எமன் சலுகை கொடுத்திருக்கிறான் போல. உன் விஷயத்தில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லையடா, ஒருத்தரைக் கொடுத்தாயிற்று.

பதினாறாம் நாள் ஆஹன் யுனிவர்சிட்டியில் படிக்கிற சேஷாத்ரி வந்து நடத்திக் கொடுத்தான். அவனுக்குத் தெரிந்தது தினமும் சொல்கிற சந்தியாவந்தனம் ஒன்றுதான், அதையே இரண்டு தரம் சொன்னான். மெஷின் சத்தத்தில் பாதிச் செவிடானவர் உங்கப்பா, ஒரு தரத்தில் அவர் காதில் விழாது, சரியாகப் போயிற்று. தீட்டும் கழிந்தது. இப்போது வாய் திறந்து சொல்கிறேன், போய்விட்டு வா. ஆகஸ்டில் பயிற்சியை முடித்து அந்தச் சர்ட்டிபிகேட்டோடு வா, முந்தி வராதே. வந்தால் படுக்க இடமும் இல்லை, உன் அறையை வத்சலா என்கிற கோயமுத்தூர்ப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். உன்னை மாதிரிதான், சாயப் பட்டறையில் பயிற்சிக்கு வந்திருக்கிறாள். வந்த அன்று அழுதாள், சாம்பார் வைத்தேன், இப்போது அதில் உப்பு போதாது என்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். இந்தக் குளிருக்கு ஒரு சால்வையை நம்பி வந்திருந்தாள், அப்பாவின் கறுப்புக் கோட்டைக் கொடுத்தேன், கணுக்காலைத் தொடுகிறது. காலையில் அவள் ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு ஓடும் ரயிலுக்குப் போகும்போது ஜன்னலில் நின்று பார்க்கிறேன். பின்னாலிருந்து பார்த்தால் அவர் ஷிப்டுக்குப் போகிற மாதிரியே இருக்கிறது, கொஞ்சம் குள்ளமாக. ஆகையால் அம்மா தனியாக இருக்கிறாள் என்று என்னைச் சாக்கு வைக்காதே.

நோய் நொடி இல்லாமல், கை வேலை கைகூடி, தீர்க்காயுசாக இரு. வருகிற அமாவாசைக்குக் குளித்துவிட்டு ஒரு பிடி சோறு வெளியே வை, மறந்துவிடாதே. அந்த ஊரில் காக்கை இல்லாவிட்டால் எந்தப் பறவை வருகிறதோ அதற்கு வை, உங்கப்பா புது ஊரில் எதிலாவது வந்து சேர்ந்துவிடுவார். வேலையை விடவில்லை என்று ஒரு வரி உடனே எழுது.

இப்படிக்கு,
உன் மேல் கோபமே இல்லாத அம்மா
நாகலட்சுமி