பவளத்துக்குப் போட்ட மரத்தூள்

அனுப்புநர்:
செ. முத்துவடிவு,
த/பெ. செல்லப்பா (ஜட்கா வண்டி),
ரயிலடித் தெரு, தென்காசி.

பெறுநர்:
ஜில்லா கால்நடை அதிகாரி அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: தொத்துநோய் என்று சொல்லி வெள்ளிக்கிழமை சுடப்போகும் எங்கள் குதிரையை, அதற்கு முன் ஒரு டாக்டர் வந்து பார்க்கக் கோருதல்.

பெரிய ஐயா அவர்களுக்குப் பயத்தோடு கும்பிட்டு எழுதும் விண்ணப்பம். எனக்கு மனு எழுதிப் பழக்கமில்லை. பேசுற மாதிரிதான் வருது, பொறுத்துக்கிடணும்.

1. எங்க அப்பா தென்காசி ரயிலடியிலருந்து குத்தாலத்துக்கு ஜட்கா ஓட்டுதாங்க. ரெண்டு குதிரை. சிவப்பு பவளம், வெள்ளை சங்கு. நான் அஞ்சாவதோட பள்ளிக்கூடத்த விட்டவ. ஆனா குதிரையப் பத்தி ஒரு வரி அச்சுல கிடந்தா, கடலை மடிச்ச காயிதமா இருந்தாலும் படிச்சிருவேன். குதிரைக் கிறுக்கின்னுதான் தெருவுல எனக்குப் பேரு.

2. இந்த சீசன்ல சாரல் விடவே இல்ல. கொட்டடியில வைக்கோல் போட்டா விடியுமுன்ன ஊறி, பூசணம் புடிச்சு நாறுது. பவளம் அதையும் தின்னுட்டு இருமுது. குளம்படி மெத்துனு ஆயிட்டு. மணல் போட்டா புல்லோட மணலையும் தின்னு வயித்துவலியில உருளும். மரத்தூள் ஈரத்த உறிஞ்சும், குதிரையும் திங்காதுன்னு படிச்சிருந்தேன். நாந்தான் அப்பாவ நச்சரிச்சு செங்கோட்டைக்கு அனுப்பினேன். மலை மரம் அறுக்கிற ஒரு மில்லுல சாக்குல அள்ளிட்டு வந்தாங்க.

3. மில்லுக்காரர் மலையாளத்துக்காரர். சாக்கக் கட்டும்போதே, "அண்ணாச்சி, இதில் சேரு உண்டு, சூட்சிக்கணும்"னு சொல்லியிருக்காரு. சூட்சிக்கணும்னா கவனமா இருக்கணும்னு அப்பாவுக்குத் தெரியும். சேறுன்னா நமக்கு சேறுதான ஐயா. மழைக்காலம், தரையில கூட்டி அள்ளினதுன்னு நெனச்சு, வெயில் எட்டிப் பாத்தப்ப காயவச்சு நான் சல்லடையில சலிச்சேன். பொன்னு மாதிரி இருந்துது. பவளத்துக்குப் போட்டோம். சங்குக்குத் தூள் பத்தல, அது வைக்கோல்லயே படுத்துது.

4. ரெண்டு ராத்திரி போயி பாத்தா பவளத்துக்கு வயித்தடி, தொடை, மூஞ்சியெல்லாம் கொப்புளம். உடைஞ்சு நீர் வடியுது. மூக்கும் ஒழுகுது. சீசனுக்கு வந்திருக்கிற சுகாதார ஐயா வண்டிப்பேட்டையில அதப் பாத்துட்டு, இது மனுசருக்கும் ஒட்டுற குதிரைச் சீழ்நோய், இவ்வளவு சனம் குளிக்கிற இடத்துல விட்டுவைக்க முடியாதுன்னுட்டாங்க. அவங்களக் குத்தம் சொல்லல. அவங்களுக்கும் பயம் இருக்கும்ல. வெள்ளிக்கிழமை போலீஸ்காரங்க துப்பாக்கியோட வருவாங்களாம்.

5. பக்கத்து வீட்டு ஹாஜரா பீவி அக்கா எங்ககிட்ட ஒரு கூடை தூள் வாங்கி தூளடுப்புல இடிச்சுவச்சு எரிச்சாங்க. அவங்க குதிரைன்னாலே நடுங்குவாங்க, எங்க கொட்டடிப் பக்கம் வந்ததே கிடையாது. அவங்களுக்கும் கையெல்லாம் கொப்புளம், மூஞ்சி வீங்கி கண்ணு திறக்கல. "ஏட்டி முத்துவடிவு, உன் குதிரை என் அடுப்புக்குள்ளயாட்டி வந்து படுத்துது?"ன்னு கேட்டாங்க. அப்பத்தான் எனக்குத் தூளு மேல சந்தேகம் வந்துது.

6. அப்பா திரும்ப மில்லுக்கு ஓடினாங்க. "சேறக் காயவச்சுத்தானவே போட்டோம்"னு சத்தம் போட, மில்லுக்காரர் தலையில கைய வச்சுட்டாராம். "அது சேறல்ல அண்ணாச்சி. சேரு, மரம். பால் பட்டா தொலி பொள்ளும். காயவச்சா மரம் மாறிப் போகுமோ?"ன்னாராம். நம்ம சேராங்கொட்டை மாதிரி, அந்த மரத்துப் பால் பட்டா தோலு கொப்புளிச்சிருமாம். அவர் சொன்னது சின்ன ர, அப்பா காதுல விழுந்தது பெரிய ற. அதுக்கு நடுவுல எங்க பவளம் சாகப் போகுது.

7. இன்னொண்ணு சொல்லணும். சலிச்ச என் ரெண்டு கையிலயும் அதே கொப்புளம் இருக்கு. சுகாதார ஐயா வெள்ளிக்கிழமை சேதியச் சொல்ல வீட்டுக்கு வந்தப்ப தாவணிக்குள்ள மறைச்சுக்கிட்டேன். பாத்தா எனக்கும் குதிரைநோய் தொத்திட்டுன்னு பவளத்தச் சுட்டுட்டு என்னையும் தொத்துவியாதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவாங்க. வாசல்ல பூட்ஸ் சத்தம் கேட்டாலே கொட்டடிக்குள்ள ஓடிருதேன்.

8. ஆகையால், வெள்ளிக்கிழமைக்கு முந்தி குதிரை தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர ஐயா அவர்கள் அனுப்பணும். கண்ணுல சொட்டு மருந்து விட்டா சீழ்நோயா இல்லையான்னு தெரியும்னு படிச்சிருக்கேன். ஒரே கொட்டடியில நிக்கிற சங்குக்கு ஒரு கொப்புளம் கிடையாது, அதையும் பாக்கட்டும். மிச்சத் தூளக் கட்டி வச்சிருக்கேன். ஹாஜரா அக்கா வந்து சொல்லுதேன்னு ஒத்துக்கிட்டாங்க. டாக்டர் வந்தா நான் கைய மறைக்கமாட்டேன். அவரு பாத்துட்டு நோய்தான்னு சொன்னா எங்க கூட்டிட்டுப் போனாலும் போறேன். அதுவரைக்கும் பவளமும் நானும் கொட்டடிய விட்டு வெளியே வரமாட்டோம்.

இந்த மனுவோட உங்க முன்ன நிக்கிறது எங்க அப்பா. அவங்கள வெறுங்கையா அனுப்பிராதீங்க. கொப்புளம் உடைஞ்ச கையாலதான் இத எழுதியிருக்கேன், ஐயா தொடப் பயப்படவேண்டாம். நாளைக்கு உங்க விரலுக்கு ஒண்ணும் ஆகலைன்னா, அதையே முதல் சாட்சியா எடுத்துக்கிடுங்க.

இடம்: தென்காசி
நாள்: 22-7-1958

இப்படிக்கு,
டாக்டர் வரும் வழியைப் பார்த்திருக்கும்,
செ. முத்துவடிவு