இமினி என்கிற பேர்

பிப்ரவரி 3

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன் என்றால் நீ நம்பமாட்டாய். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். உன் அத்தானும் அப்படித்தான். போனில் பேச ஆரம்பித்தால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், காசும் நேரமும்தான் போகும். அதனால் பழையபடி காகிதம்.

குழந்தை டாக்டரிடம் மறுபடி சேர்ந்துவிட்டேன். அதே முன்மேஜை, அதே டோக்கன், வரிசையாகப் பேரைக் கூப்பிட்டு உள்ளே அனுப்புகிற அதே வேலை. போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பேர் என்னம்மா என்று கேட்டேன்.

"இமினி" என்றாள்.

நான் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு எழுதத் தெரியவில்லை போலும் என்று நினைத்து அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள். "அபூர்வமான பேருங்க. இமை மாதிரி காக்கிறவள்னு அர்த்தமாம். பழைய பாட்டுலயெல்லாம் வருதாம்."

நம் பேருக்கு அர்த்தமும் கண்டுபிடித்துவிட்டார்கள், பார்த்தாயா. அவள் முறை வந்தபோது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. "பச்சைச் சட்டை பாப்பா உள்ளே வாங்க" என்று கூப்பிட்டேன். அதற்குப் பிறகு இன்னும் மூன்று இமினி வந்துவிட்டார்கள். ஒருத்தியின் அண்ணனுக்கு அந்தத் தையல் கம்பெனியில்தான் வேலையாம்.

எல்லாம் அந்தப் பத்திரிகை செய்த வேலை. தீப்பிடித்த கம்பெனி மாடியிலிருந்து தையல்காரிகளின் நான்கு குழந்தைகளை ஜன்னல் வழியாகக் கீழே நின்றவர்களின் கையில் போட்டுவிட்டு, அவர்களைப் பார்த்துக்கொள்ள இருந்த பெண் மட்டும் வெளியே வரவில்லை என்று எழுதி, நம் பிள்ளையின் பேரைப் பெரிய எழுத்தில் போட்டார்களே, அதிலிருந்து பிடித்தது. பின்படிக்கட்டுக் கதவு பூட்டிக்கிடந்ததை யாரும் பெரிய எழுத்தில் போடவில்லை. வழக்கை மறுபடி தள்ளிவைத்திருக்கிறார்கள்.

நீ ஏன் எழுதுவதில்லை? எதையோ மறைக்கிறாய். ஓட்டலில் துவைத்த துணிமூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்காதே, இடுப்பு போய்விடும்.

உன் அக்கா


பிப்ரவரி 21

என் அக்காவுக்கு,

மூட்டை தூக்குவதை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. காரணத்தைச் சொல்லத்தான் இத்தனை நாள் தயங்கினேன். அக்கா, நான் முழுகாமல் இருக்கிறேன். இந்த வயதில், இத்தனை வருஷத்துக்குப் பிறகு, டாக்டரே கையை விரித்த பிறகு. உன் வீட்டில் நடந்தது நடந்திருக்க, என் சந்தோஷத்தை எந்த முகத்தோடு உனக்கு எழுதுவது? ஒவ்வொரு முறையும் பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். ஓட்டலில் இப்போது உட்கார்ந்தபடி தலையணை உறை மடிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். மேஸ்திரி அம்மாள் நல்லவள்.

பெண் குழந்தையாம். இந்த நாட்டில் ஸ்கேன் பார்த்து அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இமை மாதிரி காக்கிறவளாம். உனக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? அம்மா நம் இரண்டு பேரையும் உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள். கரண்டு போனால் கும்மிருட்டு. சாவித்துவாரம் வழியாக ஒரு பொட்டு வெளிச்சம் வந்து சுவரில் விழும். நான் அழுதால் நீ அதைக் காட்டி, "மின்மினி வந்திருக்கு, அழாதே" என்பாய். எனக்கு மின்மினி என்று சொல்ல வராது. இமினி என்பேன். பிறகு இமினி ஒரு பொம்பளைப் பிள்ளையாகிவிட்டாள். அவளுக்கும் தட்டில் ஒரு பங்கு வைப்போம், சண்டை வந்தால் அவளைத்தான் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவோம். இதுதான் அந்தப் பேரின் பூர்வீகம். உலகத்தில் நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

உனக்கு மகள் பிறந்ததும் அந்தப் பேரை வைத்தாய். அன்று எனக்கு எவ்வளவு பெருமை.

அக்கா, என் பெண்ணுக்கும் அதையே வைக்கட்டுமா? யார் யாரோ வைக்கிறார்கள். நம் வீட்டில் ஒன்று வேண்டாமா?

உன் சின்னவள்


மார்ச் 16

என் தங்கமே,

கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, டாக்டர் கூப்பிடுவதுகூடக் காதில் விழாமல் நின்றேன். நல்லபடியாகப் பெற்றெடு. என்னிடம் சொல்லவா பயந்தாய், பைத்தியக்காரி. உன் அத்தானிடம் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. நன்றாகச் சாப்பிடு, கால் வீங்கினால் அசட்டையாக இருக்காதே.

ஆனால் பேர் வேண்டாம்.

கோபித்துக்கொள்ளாமல் கேள். தெருவில் யாராவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் என் தலை தானாகத் திரும்புகிறது. திரும்பிப் பார்த்தால் யாரோ ஒரு குழந்தை. ஒரு நாளில் எத்தனை தடவை இப்படித் திரும்புவேன்? என் மகளின் முகம் கொஞ்சங் கொஞ்சமாக அழிகிறது. அந்தப் பேரைச் சொன்னால் இப்போது முதலில் பச்சைச் சட்டைதான் கண்ணில் வருகிறது. உன் குழந்தையை நான் மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச வேண்டும். அந்தப் பேரில் கூப்பிட்டால் கொஞ்சமாட்டேன், பயப்படுவேன்.

இன்னொன்றும் நடந்தது. போன வாரம் கோர்ட்டில் கம்பெனி வக்கீல் எழுந்து, முதலாளிக்கு அந்தப் பெண்ணின் மேல் எவ்வளவு மரியாதை என்றால், தன் சொந்தப் பேத்திக்கே இமினி என்று பேர் வைத்திருக்கிறார் என்றார். நீதிபதி தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொண்டார். துணி திருட்டுப்போகிறது என்று கதவைப் பூட்டச் சொன்ன ஆளின் வீட்டுத் தொட்டிலில் அந்தப் பேர் ஆடுகிறது. உன் அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்தப் பேர் கெட்டுப்போய்விட்டது, சின்னவளே. உன் பெண்ணுக்குப் புதிதாக ஒன்று வை.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

வேண்டாம் என்றால் வேண்டாம். நீ சொல்லி நான் எதை மீறியிருக்கிறேன்?

ஆனாலும் மனசில் உள்ளதை எழுதிவிடுகிறேன். உனக்குக் காசநோய் என்று ஆஸ்பத்திரியில் போட்டபோது நம் இமினிக்குப் பால்பல்கூட முழுசாக முளைக்கவில்லை. நீ திரும்பி வருகிறவரைக்கும் என் இடுப்பில்தான் கிடந்தாள். முதன்முதலாக அம்மா என்று அவள் கூப்பிட்டது என்னைத்தான். நீ வந்ததும் "அம்மா அங்கே இருக்காங்க" என்று உன் பக்கம் திருப்பிவிட்டேன். அன்று எனக்குப் பிள்ளை இல்லை. எப்படி இருந்திருக்கும் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

செத்தது உன் மகள்தான். இல்லை என்று சொல்லவில்லை. எனக்கும் யாரோ செத்திருக்கிறார்கள், அக்கா. அதற்கு ஒரு பேர் வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

கால் வீக்கம் பரவாயில்லை. அவர் ராத்திரி ஷிப்டை மாற்றிக்கொண்டார். அத்தானை மாத்திரையை விடாமல் போடச் சொல்.

சின்னவள்


ஜூன் 28

அக்காவுக்கு,

குழந்தை பிறந்துவிட்டது. ஆபரேஷன்தான். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம்.

உனக்குப் போன் செய்யலாம் என்றுதான் கட்டிலில் படுத்தபடி போனை எடுத்தேன். யாரோ ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். கம்பெனியில் புதிதாகக் கட்டின குழந்தைகள் காப்பகத்துக்கு அவள் பேரை வைத்துத் திறந்த படம். முதல் வரிசையில் நீ. உன் மடியில் முதலாளியின் பேத்தி. பக்கத்தில் அவர் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். கீழே "இரண்டு இமினிகளின் குடும்பங்கள்" என்று போட்டிருக்கிறது. நீ சிரிக்கவில்லை, அதைப் பார்த்தேன். ஆனால் உன் கை அந்தக் குழந்தையின் முதுகைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பேர் கெட்டுப்போய்விட்டது என்று எனக்கு எழுதினாய். அந்தப் பேரில் கூப்பிட்டால் கொஞ்சமாட்டேன் என்றாய். கதவைப் பூட்டியவன் வீட்டுக் குழந்தைக்கு உன் மடியில் இடம் இருந்தது. என் வயிற்றில் இருந்ததற்குத்தான் இல்லை.

என் மகளுக்கு வேறு பேர் வைத்துவிட்டேன். நீ கேட்டபடியே புதுப் பேர். அதை உனக்குச் சொல்லப்போவதில்லை. நீ இனி எழுத வேண்டாம்.

சின்னவள்


டிசம்பர் 11

என் சின்னவளுக்கு,

இதற்கு முன் எழுதியவை வந்து சேர்ந்தனவோ, பிரிக்காமலே போட்டாயோ தெரியாது. போனையும் எடுப்பதில்லை. நீ படிக்காவிட்டாலும் இதை எழுதிவிடுகிறேன்.

அந்தத் திறப்பு விழாவுக்கு நானாகத்தான் போனேன். உன் அத்தான் போகாதே என்றார். அம்மா என்ற முறையில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் இருப்பார்கள், மைக் கைக்கு வந்ததும் கதவு பூட்டியிருந்தது என்று சொல்லிவிட வேண்டும் என்று வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டு போனேன். வேறு ஒன்றும் இல்லை. "கதவு வெளியே பூட்டியிருந்தது. சாவி முதலாளி ரூமில் இருந்தது." இவ்வளவுதான்.

என் முறைக்குக் கொஞ்சம் முன்னால் அந்த வீட்டு மருமகள் வந்து, "ஒரு நிமிஷம் பிடிங்கம்மா" என்று குழந்தையை மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இன்னும் தானாக உட்காரத் தெரியாத குழந்தை. முதுகைத் தாங்காமல் என்ன செய்வேன்? அதற்குள் எல்லாரும் படம் எடுத்தார்கள். மைக் வந்தது. குழந்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அந்தப் படத்தைக் கோர்ட்டில் காட்டினார்கள். தாயே மன்னித்துவிட்டார் என்றார் வக்கீல். பூட்டைப் பூட்டின சூப்பர்வைசர் பையனுக்குச் சிறை. முதலாளி சொன்னபடி செய்தவன் அவன். முதலாளியை விட்டுவிட்டார்கள். அன்று பஸ்ஸில் வரும்போது உன் அத்தான், "நீ எதுக்குப் போன?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அதற்குப் பிறகு பேசவில்லை. இப்போது அவருடைய தம்பி வீட்டில் இருக்கிறார். மாத்திரையை அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.

நீ எழுதியது சரிதான். உனக்கும்தான் மகள் செத்தாள். அதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

டாக்டரிடம் இந்த வருஷம் மட்டும் எத்தனையோ இமினி வந்துவிட்டார்கள். ஒரே பேர் இரண்டு மூன்று இருந்தால் அப்பா பேரையும் சேர்த்துக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இப்போது சத்தமாகக் கூப்பிடுகிறேன். யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால் இரண்டாவது தடவையும் கூப்பிடுகிறேன். ஒன்றும் ஆவதில்லை. அது இன்னொரு பேர், அவ்வளவுதான்.

உன் பெண் இப்போது தவழப் பார்ப்பாள், பல் முளைக்கும், ராத்திரி அழுவாள். ஈறில் விரலை வைத்து மெல்லத் தேய்த்துவிடு.

அவளை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறாய் என்று மட்டும் எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம். நான் அதை யாரிடமும் சொல்லமாட்டேன்.

அக்கா