சதைக்கு வராத நோய்

மைனி,

இன்று சாயங்காலம் தைலப் புட்டியைத் திறந்ததுமே வீடு முழுக்க நீங்கள்தான். தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து என் மடியில் வலது கையை நீட்டுவீர்களே. "நல்லாத் தேயி ஏட்டி, கத்திரி போட்டுப் போட்டுத் தோளே கழண்டுட்டு."

உங்கள் அக்குளில் கட்டி தட்டுப்பட்டபோதுகூட யாரும் பயப்படவில்லை. எஸ்டேட்டில் எந்த வலியும் நமக்குச் சதைப்பிடிப்புதான். எல்லாவற்றுக்கும் தைலம்தான். ஒரு மழைக்காலம் முழுக்கத் தேய்த்தோம்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இது சதையில்லை, நெறி, அதாவது நிணநீர்க் கணு; மார்பிலிருந்து புற்று பரவி வந்து கட்டியிருக்கிறது. கை காலை அசைக்கிற சதையில் புற்று உண்டாவது ரொம்ப அபூர்வம். செல் பிரியும்போது நேரும் பிசகில்தான் அது தொடங்குகிறதாம். சதையின் செல்கள் அதிகம் பிரிவதில்லையாம். ரத்தத்தோடு வந்தாலும், ஓயாமல் இறுகித் தளரும் இடத்தில் வேர்விடுவது கஷ்டம் என்று நினைக்கிறார்களாம். முழுக் காரணம் இன்னும் தெரியாது என்றார்.

நீங்கள் கேட்டது ஒன்றுதான். "அப்போ கைக்கு ஒண்ணும் வராதுல்லா? வேலைக்குப் போலாம்லா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். வேலைக்கு ஒரு ஆள் இருக்கும்வரைதான் எஸ்டேட் தரும் லயத்து வீடு நமக்கு என்று அவருக்கு எப்படிச் சொல்ல? அண்ணன் படுக்கையில் விழுந்தபின் உங்கள் வேலையில்தான் வீடே நின்றது. நீங்கள் வேலையை விட்டால், நர்சிங் படித்துக்கொண்டிருந்த உங்கள் மகள் செல்வியைத்தான் பேர் பதியக் கூப்பிடுவார்கள். புதிதாகப் பேர் பதிய எனக்கு வயசு தாண்டிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில், சித்திரபுரம் தாண்டியதும் சொன்னீர்கள். "உடம்பு பூராத்தையும் கையாவே படைச்சிருக்கக் கூடாதாட்டி?"

ஊசி போட்டு முடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மறுபடியும் கொழுந்தெடுக்கப் போனீர்கள். நோய் நுரையீரலுக்குப் போனது, ஈரலுக்குப் போனது. கையைத் தொடவில்லை. அந்தக் கைமேல் எனக்கு ஆத்திரம் வரும். அதுவும் ஓய்ந்திருந்தால் கொஞ்ச நாளாவது படுத்திருப்பீர்கள்.

நீங்கள் போனதும், வீடு வேண்டுமானால் ஒரு ஆள் வேலைக்கு வரவேண்டும் என்றார்கள். கடைசி வருஷப் படிப்பைப் பாதியில் விட்டு வந்து, செல்வி இப்போது உங்கள் தேயிலை நிரையில் நிற்கிறாள்.

இன்று மடியில் கையை நீட்டியது அவள்தான். தைலத்தைத் தொடுமுன் என் விரல்கள் தானாகவே அவள் அக்குளுக்குப் போயின. நீங்கள் போனதிலிருந்து யார் கையை நீட்டினாலும் அப்படித்தான்.

"சதைப்பிடிப்புதான் அத்தை," என்று சிரித்தாள்.

நன்றாகத் தடவிப் பார்த்துவிட்டேன், மைனி. ஒன்றும் இல்லை. வெறும் சதைதான். நாளைக்கும் அவள் வேலைக்குப் போகலாம்.