கருவாயனின் ஊசி

கடிதத்துக்குக் கடிதம் கருவாயனை விசாரிக்கும் உங்களுக்கு,

மகள் எழுதியது பொய்யில்லை. சிறுநீரகம் கெட்டு, ரத்தம் குறைந்து சுருண்டு கிடந்த நம் நாய் போன மாதம் மாடிப்படி ஏறி ஓடினான். ரத்தம் ஊறவைக்கும் ஊசியை நான்தான் போட்டேன். மனிதர்களுக்கான மருந்து.

ஆய்வுக்கூடத்தில் பத்து வருடமாக நான் எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். மனித மருந்தை நாயின் உடம்பு சில வாரங்களில் அந்நியம் என்று எதிர்க்கத் தொடங்கும்; அந்தக் கோபத்தில், ரத்தம் ஊற அது தானே சுரக்கும் அதே பொருளையும் சேர்த்து அழித்துவிடும். அதனால்தான் நாய்க்கென்றே மருந்து செய்ய, அந்தப் பொருளைச் சுரக்கவைக்கும் நாயின் மரபணுவையே படியெடுக்கிறோம். தெரிந்துதான் போட்டேன். எங்கள் மருந்து வரும்வரை தாங்குவான் என்று மனக்கோட்டை கட்டினேன்.

நேற்று அந்த மரபணு கைக்கு வந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். "இன்னும் ரெண்டே வருஷம், மருந்து தயாராயிடும்" என்றார் எங்கள் துறைத் தலைவர். எதிர்ப்பு தொடங்கிவிட்டது என்று காட்டும் கருவாயனின் ரத்தச் சோதனைத் தாள் என் பையில் இருந்தது. அவன் ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது.

ஊசியை நிறுத்திவிட்டேன். "ஏம்மா நிறுத்திட்ட? அதுலதானே நல்லாச்சு?" என்கிறாள் மகள். அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. நீங்களாவது என்னைத் திட்டுங்கள்.

ஊசி போடும் நேரம் இது. கருவாயன் தானாகவே தள்ளாடி வந்து, என் மடியில் கழுத்தைச் சாய்த்துக் காத்திருக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா