வாசல் விளக்கைப் போட்ட வருஷம்

அயோவா
அக்டோபர் 31, காலை

அன்பு மகள் கார்லீனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம், இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அது ஊர் அறிந்த சங்கதி. நீ அங்கே சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் நீ ரொம்பவே சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டு லோயிஸின் கைப்பேசியில் பார்த்துவிட்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ "வேலை ஜாஸ்திப்பா, வேற ஒண்ணும் இல்லப்பா" என்பாய், நான் "சரி, உடம்பைப் பாத்துக்கோ" என்பேன், அயர்லாந்து மழையைப் பற்றியும் அயோவா குளிரைப் பற்றியும் பேசிவிட்டு இரண்டு பேரும் வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன்.

செப்டம்பரில் ஒரு நாள் கூரைத் தண்ணீர்க் குழாயில் இலை அடைத்துக்கொண்டது என்று லோயிஸ் ஏணி கேட்டு வந்தாள். வந்தவள் ஏணியை மறந்துவிட்டு, "கெரிட், உங்க பொண்ணு என்னமா கலக்கியிருக்கா பாத்தீங்களா, போன வருஷ ஹாலோவீன் படம்" என்று கைப்பேசியை என் மூக்கடியில் நீட்டினாள். உங்கள் டெர்ரி ஊர்த் தெருவில் ஆயிரக்கணக்கில் ஜனம், ஊர்வலம், நடுவில் முகம் முழுக்க எலும்புக்கூடு வரைந்துகொண்டு, கழுத்தில் மேளம் மாட்டிக்கொண்டு நீ. அடுத்த படத்தில் உன் வீட்டுக் கூடம், உத்தரமெல்லாம் காகித வௌவால், நாற்பது பேர் இருப்பார்கள், நீ நாற்காலி மேல் ஏறி நின்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை கார்லி. "பாத்தேன் பாத்தேன், எனக்கும் அனுப்பியிருந்தா" என்று லோயிஸிடம் சொன்னேன். முப்பது வருஷம் சபை மூப்பராக இருந்தவன், எழுபத்து நான்கு வயதில், வாசற்படியில் நின்றுகொண்டு கூசாமல் பொய் சொன்னேன். போன வருஷம் அந்த ஹாலோவீன் அன்றைக்கு நீ என்னிடம் போனில் என்ன சொன்னாய் என்பதும் ஞாபகம் இருக்கிறது, "தலைவலிப்பா, சீக்கிரம் படுக்கப் போறேன்" என்றாய். பின்னால் ஏதோ சத்தம் கேட்டது, மழையா என்று கேட்டேன், மழைதான் என்றாய். இப்போது யோசித்தால் அது மேளம்.

முதல் இரண்டு நாள் எனக்குக் கோபம்தான். எங்கள் வீட்டில் பிசாசுக்குப் பண்டிகை கிடையாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பெண், முகத்தில் மண்டையோட்டை வரைந்துகொண்டு தெருவில் ஆடுகிறாளே என்று. மூன்றாம் நாள் கோபம் போய்விட்டது, போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. லோயிஸுக்குத் தெரிந்த என் மகள், டெர்ரித் தெருவுக்கே தெரிந்த என் மகள், அவள் எனக்கு மட்டும் தெரியவில்லை. உன் அம்மா போய் மூன்று வருஷமாகிறது, இந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று இருந்தால் அது ரேடியோவில் சோள விலை சொல்கிறவன் பேச்சுதான். இருக்கிற ஒரே பெண்ணும் என்னிடம் மழையைத் தவிர வேறு எதையும் சொல்லப் பயப்படுகிறாள் என்றால் அந்தப் பயத்தை உண்டாக்கியது யார் என்று யோசித்தேன். வேதத்தை எடுத்து மறுபடியும் புரட்டினேன், காகித வௌவாலுக்கு விரோதமாக ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. சரி, வாசல் விளக்கு எரிகிற வீட்டுக்குத்தானே பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வருவார்கள், இந்த வருஷம் நாமும் விளக்கைப் போடுவோம், போட்டுப் பார்த்துவிட்டு இவளுக்கு எழுதுவோம் என்று முடிவு செய்தேன்.

நூலகத்தில் வியாழக்கிழமை மதியம் ஹாலோவீன் கைவேலை வகுப்பு நடக்கிறது என்று லோயிஸ்தான் கூட்டிக்கொண்டு போனாள். பதினோரு பெண்கள், நான் ஒருவன். முட்டை அட்டையை வெட்டி வௌவால் செய்தோம், பழைய பால் டப்பாக்களைக் கத்தரித்து எலும்புக்கூடு செய்தோம், வலைத்துணியைப் பசையில் முக்கிக் காயவைத்துப் பேய் செய்தோம். நான் வீட்டுக்கு வந்து, துணிப் பேய் காற்றில் பறந்துவிடுமே என்று பட்டறையில் இரும்புக் கம்பியால் கூடு கட்டி வெல்டிங் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு லோயிஸ், "இது பேயா, டிராக்டரா? புயலே வந்தாலும் இது எங்கயும் போவாது கெரிட்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பரங்கிக்காய்க்கு முகம் வெட்டினேன், கண்ணை ஒரே அளவாக வெட்டியாக வேண்டும் என்று அளவுகோல் வைத்து வெட்டியதில் அது பேய் மாதிரி வராமல் காணிக்கைத் தட்டை நீட்டுகிறவர் மாதிரி வந்துவிட்டது. பயமுறுத்துகிற பாட்டு எதுவும் நம் வீட்டில் கிடையாது என்பது உனக்கே தெரியும். வேதத்துச் சங்கீதங்களை ஆர்கனில் வாசித்த உன் அம்மாவின் இசைத்தட்டை எடுத்து வேகத்தைக் குறைத்துப் போட்டுப் பார்த்தேன். கேட்ட எனக்கே குலை நடுங்கியது, இது போதும் என்று வைத்துக்கொண்டேன்.

நேற்று முப்பதாம் தேதி, நம் ஊரில் ஹாலோவீனுக்கு முந்தின ராத்திரியேதானே மிட்டாய் கேட்டு வருவார்கள், பிள்ளைகள் வருகிற நேரம் எப்போதும் போல ஆறிலிருந்து எட்டு. ஐந்தரைக்கே வாசல் விளக்கைப் போட்டுவிட்டேன். நாற்பது வருஷத்தில் அந்த நாளில் அந்த விளக்கு எரிந்ததில்லை. முழு அளவு சாக்லேட்டாகவே வாங்கி, உன் அம்மா ரொட்டி மாவு பிசைகிற பெரிய பாத்திரத்தில் கொட்டி வைத்துக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆறேகால் ஆயிற்று, ஆறரை ஆயிற்று. தெரு முழுக்கப் பிள்ளைகள் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், லோயிஸ் வீட்டுப் படியிறங்குகிற கூட்டம் நேராக எதிர்ச்சாரிக்குத் தாண்டிப்போய், நம் வீட்டைக் கடந்ததும் மறுபடியும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்துகொள்கிறது. விளக்கு எரிகிறது, பரங்கிக்காய் எரிகிறது, ஆர்கன் அலறுகிறது, ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹூக்ஸ்ட்ரா வீட்டுக்குப் போகாதே என்று அப்பன் பிள்ளைக்குச் சொல்லி, அந்தப் பிள்ளை பெரியவனாகித் தன் பிள்ளைக்குச் சொல்லி, இப்போது ஏன் என்றுகூட யாருக்கும் தெரியாமல் தாண்டிப் போகிறார்கள். ஒரு வருஷம் தெரியாமல் கதவைத் தட்டின இரண்டு பிள்ளைகளுக்கு நான் மிட்டாய்க்குப் பதில் வேத வசன அட்டையைக் கொடுத்தனுப்பியது உனக்கு ஞாபகம் இருக்கும், அதைத் தெரு மறக்கவில்லை. ஏழு மணிக்கு எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் எழுதுகிறேன், அழுதேன். பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல சட்டையோடு.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, மடக்கு நாற்காலியையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு நடைபாதை ஓரத்துக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். அப்போதும் பிள்ளைகள் தயங்கினார்கள். கடைசியில் ஒரு பெண் இரட்டைப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்று, "ஹூக்ஸ்ட்ரா சார், நீங்களா? என்னைத் தெரியுதா, ஜோடி, கார்லீனோட ஏழாங்கிளாஸ்" என்றாள். உன் கூடப் படித்த ஜோடிதான், இப்போது நன்றாகச் சதை போட்டிருக்கிறாள். பெண் பிள்ளை வௌவால் வேஷம், பையன் அட்டைப் பெட்டிக்குள் அறுவடை இயந்திரம். நம் ஊரில் ஜோக் சொன்னால்தானே மிட்டாய், அம்மா இடித்ததும் அந்தப் பெண் விறைப்பாக நின்று, "எலும்புக்கூடு ஏன் பார்ட்டில கேக் சாப்பிடல?" என்றது. தெரியவில்லையே என்றேன். "சாப்ட்டா கேக் கீழ விழுந்துடும்!" என்றது. எனக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆனது, புரிந்ததும் சிரித்தேன், இருமல் வருகிற வரை சிரித்தேன். பையன் நம் வீட்டுப் பக்கம் காதைத் திருப்பி, "தாத்தா, இந்தத் தெருவுலயே உங்க பாட்டுதான் ரொம்பப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு இரண்டு சாக்லேட் எடுத்துக்கொண்டான். அது நூறாம் சங்கீதம் என்று நான் சொல்லவில்லை.

ஜோடி போவதற்கு முன்னால் வீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அந்த ஜன்னல்தான சார், இடது பக்கத்துது? அங்க திரைக்கு நடுவுல கார்லீன் நிப்பா. நாங்க கைய ஆட்டுவோம், அவளும் ஆட்டுவா. அவளுக்குன்னு ஆளுக்கு ஒரு மிட்டாய் எடுத்து, வாசல்ல உங்க நியூஸ்பேப்பர் போடற குழாய்க்குள்ள போட்டுட்டுப் போவோம், காலைல அவ எடுத்துக்குவா. உங்க வீட்டம்மாவுக்குத் தெரியும், ஒரு தடவை அவங்களும் கைய ஆட்டினாங்க" என்றாள். எனக்கும் தெரியும் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள், சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வருஷா வருஷம் முப்பத்தோராம் தேதி காலையில் நீ எல்லாருக்கும் முன்னால் எழுந்து ஓடிப்போய்ச் செய்தித்தாளை எடுத்துவந்து என் தட்டருகில் வைப்பாய். சொல்லாமலே அப்பாவுக்குப் பணிவிடை செய்கிற பெண் என்று மூப்பர் கூட்டத்தில் உன்னைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆறிலிருந்து எட்டு வரை விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அந்த இருட்டில் நாம் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இருட்டில் நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்திருக்கிறேன். எட்டு மணிக்கு, பிள்ளைகள் நேரம் முடிந்தது என்று ஊர்ச் சைரன் ஊதியது, பாத்திரம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது, உள்ளே வந்து சூப்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டேன்.

உன்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை கார்லி. அந்தக் குழாயில் உனக்கு மிட்டாய் கிடைத்தது என்று கேட்டதில் எனக்குச் சந்தோஷம், நிஜமாகவே சந்தோஷம், இல்லாவிட்டால் உன் பிள்ளைப்பருவம் முழுவதையும் நான் தின்றுவிட்டேன் என்று ஆகியிருக்கும். ஆனால் நல்லது எதுவாக இருந்தாலும் அப்பாவுக்குத் தெரியாமல்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உன்னை ஏழு வயதில் பழக்கியவன் நான். அந்தப் பழக்கத்தை நீ கடல் தாண்டியும் கூடவே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய், மேளச் சத்தத்தை மழை என்கிறாய். உன் சந்தோஷத்தில் எனக்கு மட்டும் பங்கு இல்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. நான் செய்தது தப்பு. சபைக்கு முன்னால் சொல்லச் சொன்னாலும் சொல்வேன், உன்னிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது, சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு உங்கள் ஊரில் ஊர்வலம். இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்து நீ வௌவால்களை அவிழ்த்து மடித்து வைத்திருப்பாய். ராத்திரி மேளம் அடித்த கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, முகச் சாயத்தைக் கழுவாமல் படுக்காதே, தோல் போய்விடும் என்று லோயிஸ் சொல்கிறாள். அவள் எனக்குக் கடவுச்சீட்டு விண்ணப்பம் நிரப்பித் தந்திருக்கிறாள், படம் எடுக்கப் போனபோது சிரிக்கக் கூடாது என்றார்கள், அது எனக்குக் கஷ்டமாக இல்லை. அடுத்த வருஷம் வரட்டுமா? கூடத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன், ஜெபம் பண்ணச் சொல்லி யாரையும் தொந்தரவு பண்ண மாட்டேன். ஊர்வலத்துக்கு இரும்புக் கூடு ஏதாவது வேண்டுமென்றால் அளவு எழுது, வந்து வெல்டிங் பண்ணித் தருகிறேன். இப்படி ஓர் அப்பா இருக்கிறார் என்று உன் சிநேகிதர்களிடம் நீ சொல்லாமல் இருந்திருக்கலாம், அல்லது எப்படிப்பட்டவர் என்று சொல்லியிருக்கலாம், இரண்டில் எதுவானாலும் நியாயம்தான். கூச்சமாக இருந்தால் எனக்கு ஒரு முகமூடி கொடுத்துவிடு. வந்ததிலிருந்து போகிற வரை போட்டுக்கொள்கிறேன், நான் யார் என்று ஒருவருக்கும் தெரியாது, நீ நாற்காலி மேல் ஏறிச் சிரிக்கிறதை மட்டும் நேரில் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வரலாம், வரவேண்டாம், எதுவானாலும் உன் கையால் எழுது, போனில் சொல்லாதே.

உன் அப்பா,
கெரிட் ஹூக்ஸ்ட்ரா